சம்பள விவரம்: பூட்டி வைப்பதா, வரம்பைச் சொல்வதா, முழுக்கத் திறப்பதா?

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டிருக்கிறது: டீமில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லலாமா? எல்லோரும் பத்து முதல் ஐம்பது பேர் வரை வைத்து வேலை வாங்குகிறவர்கள். ஒருவருடைய டீமில் யாரோ பே ஸ்லிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டுவிட, மறுநாள் காலையில் நான்கு பேர் அவர் மேசை முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். இன்னொருவர் புதிதாகப் பொறுப்பேற்றவர். முதல் வாரமே சம்பளப் பட்டியலைப் பார்த்திருக்கிறார், ஒரே வேலைக்கு மூன்று விதமான தொகை, அன்றிலிருந்து தூக்கமில்லை என்கிறார். மூன்றாமவர் சொந்தமாக நிறுவனம் நடத்துகிறவர், எல்லோருடைய சம்பளத்தையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டால் நியாயமாக நடந்துகொண்டதாக ஆகிவிடுமா என்று கேட்கிறார்.

மூன்று பேருக்கும் முன்னால் இருப்பவை மூன்று வழிகள்: பூட்டி வைப்பது, வரம்பை (ஒரு வேலைக்குக் குறைந்தது இவ்வளவு, அதிகம் இவ்வளவு என்பதை) மட்டும் சொல்வது, முழுக்கத் திறப்பது. மூன்றிலும் நல்ல மேனேஜர்களும் இருக்கிறார்கள், மோசமானவர்களும் இருக்கிறார்கள். அதனால் எது உயர்ந்தது என்று ஒரே வரியில் சொல்ல நான் தயாராக இல்லை. ஆனால் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, அதை மறைக்கவும் போவதில்லை.

## எதை வைத்து அளப்பது

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் 11 பேருக்கு நான் மேனேஜராக இருந்தேன். அதில் இரண்டு பேருக்கு ஒரே வேலை, ஒரே பொறுப்பு, வேலைத்தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் வேறு இடத்திலிருந்து வந்தவர், அங்கே வாங்கியதற்கு மேல் பேரம் பேசி உள்ளே வந்தார். மற்றவர் படிப்பு முடித்ததும் நேராக எங்களிடம் சேர்ந்தவர், கொடுத்ததை வாங்கிக்கொண்டார். நேராகச் சேர்ந்தவருடைய தொடக்கச் சம்பளம் 100 என்றால் பேரம் பேசி வந்தவருடையது 130. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் இரண்டு பேருக்கும் ஒரே 8 சதவீதம் போட்டேன், பாரபட்சம் காட்டக் கூடாது என்றுதான். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் 147, மற்றவர் 191. முப்பதாக இருந்த இடைவெளி நாற்பத்து நான்கு ஆகிவிட்டிருந்தது. நியாயமாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அநியாயத்துக்கு வருடா வருடம் வட்டி கட்டியிருக்கிறேன்.

பிரிண்டரில் யாரோ மறந்து விட்டுப்போன ஒரு தாளில் குறைவாக வாங்கியவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். அதிகம் கொடு என்று கேட்கவில்லை. "ஏன் சார் இப்படி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் முதல் அளவுகோல் அந்த "ஏன்" தான். பட்டியலில் உள்ள ஒவ்வொரு தொகைக்கும், சம்பந்தப்பட்டவரை எதிரில் உட்காரவைத்து, அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடியுமா?

இரண்டாவது, வாய் திறந்து கேட்காதவருக்கு என்ன ஆகிறது. பேரம் பேசத் தெரிந்தவர் எந்த ஏற்பாட்டிலும் பிழைத்துக்கொள்வார். கூச்ச சுபாவம் உள்ளவர், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர், இடைவெளி விட்டு மறுபடி வேலைக்கு வந்தவர், இவர்களை வைத்துத்தான் ஒரு ஏற்பாட்டை எடை போட வேண்டும் என்பது என் கருத்து.

மற்றவை சுருக்கமாக: ஒருவருடைய அந்தரங்கம் எவ்வளவு காக்கப்படுகிறது, மேனேஜருக்கு எவ்வளவு வேலை கூடுகிறது, தப்பாகப் போனால் திரும்பி வர முடியுமா. கடைசியாகச் சொன்னதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு முறை எல்லோரும் பார்த்துவிட்ட எண்ணை யாரும் மறக்கப் போவதில்லை.

## வழி 1: பூட்டி வைப்பது

அவரவர் சம்பளம் அவருக்கும் மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மட்டும் தெரியும். அதிகம் புழங்குவது இதுதான்.

இதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சம்பளம் தெரிந்தால் கடன் கேட்டு வரும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. உடல்நிலை காரணமாக வாரத்தில் மூன்று நாள் மட்டும் வருகிறவருக்குத் தன் தொகை ஊருக்கே தெரிவது பிடிக்காது. மேனேஜர் பக்கத்திலும் வசதி இருக்கிறது. அவசரமாக ஒருவரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் செய்யலாம்.

அந்த வசதிதான் ஆபத்தும். விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் நல்ல மனிதரும் சோம்பேறியாகிறார். நான் ஆனேன். கேட்டவருக்குக் கொடுத்து, கேட்காதவரை அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளி, ஐந்து வருடத்தில் யாருக்கு ஏன் எவ்வளவு என்பதே யாருக்கும் தெரியாத ஒரு பட்டியல் உருவாகிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு ஆஃபர் லெட்டரைக் கொண்டுவந்து காட்டினால்தான் உயர்வு என்று டீம் கற்றுக்கொள்கிறது. அப்புறம் எல்லோரும் இன்டர்வியூவுக்குப் போக ஆரம்பிக்கிறார்கள், போனவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நன்றாகப் பதிவான ஒரு வழக்கு இருக்கிறது. லில்லி லெட்பெட்டர் 1979 முதல் 1998 வரை அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1997 முடிவில் அவருடைய மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், அதிகம் வாங்கியவருக்கு 5,236 டாலர். பணிக்காலம் முடிகிற தறுவாயில் பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு மூலம்தான் அவருக்கு அது தெரியவந்தது. வழக்குப் போட்டார். சம்பளத்தை முடிவுசெய்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாளுக்குள் எப்படிப் புகார் செய்வது? 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே வந்த சட்டம், பாரபட்சமான ஒவ்வொரு சம்பளப் பட்டுவாடாவிலிருந்தும் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும் என்று மாற்றியது.

இன்னொன்று. "சம்பளத்தைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் பூட்டு உறுதியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பல நாடுகளில் அந்த வரி முழு அளவில் செல்லுபடியாகாது. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டமே தனியார் துறை ஊழியர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குள் சம்பளம் பற்றிப் பேசும் உரிமையைக் காக்கிறது. பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, பாரபட்சம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பேசுகிறவரை அப்படியொரு வரியைக் காட்டித் தடுக்க முடியாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், பேசாதே என்று எழுதிக் கொடுத்த அன்றே இங்கே ஏதோ மறைக்கப்படுகிறது என்று நீங்களே அறிவித்துவிட்டீர்கள்.

எப்போது இது சரி? மூன்று நான்கு பேர்தான், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வேலை என்றால் வரம்பு, கிரேடு (வேலைப் படிநிலை) என்று கட்டுவதில் அர்த்தமில்லை. பட்டியலைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் சில மாதங்களுக்கும் பூட்டு தேவை, முடிவுத் தேதியோடு.

## வழி 2: வரம்பைச் சொல்வது

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிரேடு, ஒவ்வொரு கிரேடுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவரவருக்கு மட்டும்.

உலகம் மெதுவாக இந்தப் பக்கம்தான் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதிகளை உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7க்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் தொடக்கச் சம்பளத்தையோ வரம்பையோ முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய இடத்தில் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்கக் கூடாது, ஒரே மதிப்புள்ள வேலையில் ஆண் பெண் சராசரி என்ன என்று ஊழியர் கேட்டால் சொல்ல வேண்டும். இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நடுவில் இருப்பது. என் டீமில் அந்த 130 எங்கிருந்து வந்தது? பழைய சம்பளத்தைக் கேட்டு அதற்கு மேல் போட்டதிலிருந்துதான். எங்கேயோ ஒருவர் குறைத்துக் கொடுத்ததையோ கூட்டிக் கொடுத்ததையோ நாம் அப்படியே சுமந்துகொண்டு வருகிறோம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்திவிடலாம். அதற்குச் செலவே இல்லை.

மறைந்த செலவுகள் இந்த வழியிலும் உண்டு, அவற்றில் வரம்பின் அகலம் முதலாவது. 100 முதல் 220 வரை என்று வரம்பு வைத்தால் சொல்லாமல் இருந்ததற்கும் சொன்னதற்கும் வித்தியாசமில்லை. மேல் எண் கீழ் எண்ணைவிட 30, 40 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த வரம்புக்கு ஏதாவது பொருள் உண்டு என்பது என் அனுபவம். அதைத் தாண்டினால் அங்கே உண்மையில் இரண்டு கிரேடு இருக்கிறது, பிரித்து எழுதச் சோம்பல் என்று பொருள்.

அடுத்தது, எல்லோரும் மேல் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். நடுவில் இருப்பவர் தன்னைக் குறைத்துவிட்டதாக நினைப்பார். அவரிடம் நீங்கள் பேசியாக வேண்டும்: நீங்கள் இங்கே நிற்கிறீர்கள், இந்தக் காரணத்தால், மேலே போக இது இது வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது, எழுத்தில். இதைச் செய்யாமல் வரம்பை மட்டும் சுவரில் ஒட்டுகிற நிறுவனங்கள் பூட்டை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அதோடு, வரம்பைத் தாண்டிக் கொடுக்க முடியாதபோது பதவிப் பெயரை ஏற்றிக் கொடுக்கும் பழக்கம் வந்துவிடும். ஐந்து பேருக்கு மூன்று சீனியர் மேனேஜர் என்று ஆனால் கிரேடு செத்துவிட்டது.

பெரிய பயம் பணத்தைப் பற்றியது. வரம்பு வைத்தால் கீழே விழுந்து கிடப்பவர்களை எல்லாம் தூக்கிவிட வேண்டுமே, எங்கே போவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது பேரில் நான்கு பேர், அவரவர் கிரேடின் குறைந்தபட்சத்தைத் தொட ஆளுக்கு 15 சதவீதம் உயர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு வாங்குகிறவர்கள் என்றால் மொத்தச் சம்பளச் செலவு சுமார் 3 சதவீதம் கூடும். பின்தங்கியவர்கள் குறைவாக வாங்குகிறவர்கள்தானே, உண்மையில் அதற்கும் கீழே வரும். அனுபவமுள்ள ஒருவர் வெளியேறி அவர் இடத்துக்கு ஆள் தேடி, பழக்கி, நிலைக்கு வரும்வரை ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வரம்புக்கு மேலே இருப்பவரின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. வரம்பு வந்து சேரும்வரை உயர்வை நிறுத்திவைக்கலாம், அதையும் அவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.

எப்போது சரி? பத்துப் பேருக்கு மேல் இருந்து, ஒரே வேலையை இரண்டு மூன்று பேராவது செய்கிறார்கள் என்றால் ஏறக்குறைய எப்போதுமே.

## வழி 3: முழுக்கத் திறப்பது

பெயரும் தொகையும் எல்லோருக்கும் தெரியும். பஃபர் என்ற மென்பொருள் நிறுவனம் 2013 டிசம்பரில் தன் ஊழியர்கள் எல்லோருடைய சம்பளத்தையும், அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் இணையத்திலேயே போட்டது. அந்தச் சூத்திரம் இருந்ததைக் கவனியுங்கள். எண்ணை மட்டும் போட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்க ஓர் ஆய்வு உதவுகிறது. 2008இல் கலிஃபோர்னியாவில் ஒரு செய்தித்தாள் மாநில அரசு ஊழியர்களின் சம்பளத்தைத் தேடிப் பார்க்கும் வசதியை இணையத்தில் ஏற்றியது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பொருளாதார ஆய்வாளர்கள் அப்படி ஒரு தளம் இருப்பதைச் சொல்லிவிட்டு, அப்புறம் எல்லோரிடமும் மனநிலையைக் கேட்டார்கள். 2012இல் வெளியான முடிவு இது: தன் பிரிவில் நடு அளவுக்குக் கீழே வாங்குகிறவர்களுக்குத் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே வாங்குகிறவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஒரு பக்கம் வருத்தம், மறுபக்கம் மகிழ்ச்சிகூட இல்லை. இதைப் படித்துவிட்டுத் திறக்கவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. அந்த வருத்தம் ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வின் விலை, திறந்தபோது வெளியே வந்தது. ஆனால் சுத்தம் செய்யாமல் திறந்தால் அந்த விலையைக் கொடுக்கிறவர்கள் குறைவாக வாங்குகிறவர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு செலவு மெதுவாக வருவது. ஒவ்வொரு உயர்வையும் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் மேனேஜர் கைவிரலை மடக்கிக்கொள்வார். ஒருவருக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்கு விளக்க வேண்டும், எதற்கு வம்பு? டென்மார்க்கில் 2006இல் வந்த சட்டப்படி ஓரளவு பெரிய நிறுவனங்கள் ஆண் பெண் சம்பள விவரத்தைத் தனித்தனியாகத் தர வேண்டியிருந்தது. இடைவெளி குறைந்தது, ஆனால் பெரும்பாலும் ஆண்களின் சம்பள உயர்வு மெதுவானதால். அமெரிக்க மாநிலங்களில் சம்பளம் பற்றிப் பேசும் உரிமையைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகு, சராசரிச் சம்பளம் ஏறக்குறைய 2 சதவீதம் இறங்கியதாக இன்னொரு ஆய்வு சொல்கிறது. ஒருவருக்குக் கூட்டினால் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் முதலாளிகள் பேரத்தில் இறுக்கமாகிவிட்டார்கள்.

எண்ணில் வராத வேலைக்கும் இங்கே ஆபத்து. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, சண்டையைத் தணிப்பது, யாரும் தொட விரும்பாத பழைய கணக்கைச் சரிசெய்வது, இவற்றுக்காக ஒருவருக்குக் கொஞ்சம் அதிகம் கொடுத்திருப்பீர்கள். சூத்திரத்தில் அதற்கு இடம் இல்லாவிட்டால் இரண்டே வருடத்தில் அந்த வேலையை யாரும் செய்ய மாட்டார்கள்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை நார்வேயிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். அங்கே குடிமக்களின் வருமான வரி விவரத்தை யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் 2014 முதல் யார் தேடினார்கள் என்பது தேடப்பட்டவருக்கும் தெரியும்படி செய்துவிட்டார்கள். தேடல்கள் வெகுவாகக் குறைந்தன. உள்ளே திறந்து வைக்கிற நிறுவனமும் இதைச் செய்யலாம்: பட்டியலைச் சுற்றுக்கு அனுப்பாமல், கேட்கிறவருக்குக் காட்டுவது, காட்டியதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வது.

எப்போது சரி? நிறுவனம் தொடங்கிய புதிதில், பத்துப் பேர் சேர்வதற்கு முன்பே சூத்திரத்தோடு ஆரம்பிக்க முடிந்தால். கூட்டுறவு அமைப்புகளில். தொழிற்சங்க ஒப்பந்தப்படியோ நிலையான ஊதிய விகிதப்படியோ ஏற்கெனவே தொகை முடிவாகும் இடங்களில். பத்து வருடம் பூட்டியிருந்த பட்டியலைக் கோபத்திலோ உற்சாகத்திலோ ஒரே நாளில் திறப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பூட்டுவது | வரம்பு | முழுத் திறப்பு |
|---|---|---|---|
| காரணம் சொல்லும் கட்டாயம் | இல்லை | உண்டு, ஆளுக்கு ஆள் | உண்டு, எல்லோர் முன்னிலையிலும் |
| கேட்காதவருக்கு | மோசம் | நல்லது, குறைந்தபட்சம் காக்கும் | சூத்திரம் இருந்தால் மிக நல்லது |
| அந்தரங்கம் | முழுமை | பெருமளவு | ஏறக்குறைய இல்லை |
| மேனேஜரின் வேலை | இன்று குறைவு, பிறகு அதிகம் | தொடர்ந்து நடுத்தரம் | தொடக்கத்தில் மிக அதிகம் |
| மறைந்த செலவு | வதந்தி, விலகல், வழக்கு | பதவி வீக்கம், அகல வரம்பு | உயர்வு இறுகுதல், காணாத வேலை கைவிடப்படுதல் |
| திரும்பி வர | எளிது | முடியும், நம்பிக்கை குறையும் | முடியாது |

## கேட்ட மூவருக்கும்

புதிதாகப் பொறுப்பேற்றவருக்கு: உங்கள் முதல் ஆறு மாதம் ஒரு வாய்ப்பு, ஏனென்றால் அந்தப் பட்டியல் நீங்கள் போட்டதில்லை. பெயர்களை மறைத்துவிட்டு வேலை, அனுபவம், பொறுப்பு, தொகை என்று நான்கு பத்தியுள்ள அட்டவணையாக எழுதுங்கள். ஒரே மாதிரி வரிசைகளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கும் இடத்தில் எல்லாம் காரணம் தேடுங்கள். கிடைக்காதவற்றைச் சரிசெய்யப் பணம் கேட்டு மேலே போங்கள். அப்புறம் வழி 2. ஆறு மாதம் கடந்துவிட்டால் அது உங்கள் பட்டியல்.

நிறுவனம் நடத்துகிறவருக்கு: திறப்பது மட்டும் நியாயமாகாது. முதலில் உங்கள் சொந்தச் சம்பளத்துக்கும் குடும்பத்தில் யாராவது அங்கே வேலை செய்தால் அவர்களுக்கும் அந்த "ஏன்" கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள். அதை எழுத முடிந்தால் வரம்போடு தொடங்குங்கள், ஒரு வருடம் ஓட்டிவிட்டு, டீமையே கேளுங்கள், முழுக்கத் திறக்க வேண்டுமா என்று. குறைவாக வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள்.

மேசை முன்னால் நான்கு பேர் வந்து நின்றவருக்குத்தான் அவசரம். ஸ்கிரீன்ஷாட் போட்டது யார் என்று தேடாதீர்கள். தேட ஆரம்பித்த நிமிடமே பேச்சு சம்பளத்தை விட்டு விசுவாசத்துக்குப் போய்விடும், அந்த நான்கு பேர் நாற்பது பேராவார்கள். "இந்த வித்தியாசத்துக்கு எல்லா இடத்திலும் என்னிடம் காரணம் இல்லை. பார்க்கிறேன். அடுத்த மாதம் இந்தத் தேதிக்குள் உங்கள் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுகிறேன்" என்று சொல்லுங்கள், தேதியை எழுதிக் கொடுங்கள். நான்கு பேரில் ஒருவருக்குக் குறைவாக இருப்பது நியாயமாகவே கூட இருக்கலாம், அவரிடமும் அதைச் சொல்லும் அளவுக்குத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தத் தேதி வரும்போது அவர்கள் மறுபடி உங்கள் மேசைக்கு வரும்படி வைக்காமல், நீங்களே போய்க் கூப்பிடுங்கள். கேட்க வராதவர்களையும் சேர்த்து.